வெள்ளைத் துவாயில் விழுந்த கறை: தண்டம் அறவிட முன் அறிய வேண்டியவை

வீட்டின் ஒரு பகுதியையோ, பின்வளவில் கட்டிய இரண்டு மூன்று அறைகளையோ உல்லாசப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவது இன்று எமது ஊர்களில் பலருக்கு ஒரு தொழிலாகி விட்டது. பொத்துவில், அறுகம்பை, வெலிகம, காலிக் கோட்டை என்று கரையோரம் நெடுகிலும் இத்தகைய சிறு தங்குமிடங்களைக் காணலாம். பெரிய ஹோட்டல்களைப் போல இவர்களுக்குத் தனியான சலவைப் பகுதி கிடையாது. வீட்டுப் பெண்களோ, அயலில் இருந்து வரும் ஒரு பெண்ணோதான் துவைக்கிறார். முதலும் சிறியது, இலாபமும் சிறியது. ஆகவே ஒரு துவாய் பழுதானாலும் அது கணக்கில் தெரிகிறது.

இத்தொழிலில் உள்ளவர்களிடம் பேசினால் மின்சாரக் கட்டணத்துக்கு அடுத்ததாக அவர்கள் சொல்லும் முறைப்பாடு இதுதான்: "நல்ல வெள்ளைத் துவாய் வாங்கி வைத்தால் ஒரு பருவம் கூட நிற்பதில்லை." படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய் ஆகிய மூன்றிலும் படியும் கறையை எப்படிக் குறைப்பது, அதற்காக விருந்தினரிடம் பணம் அறவிடுவது சரியா, அறவிடுவதாயின் எப்போது, எவ்வளவு என்பவற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

ஒரு சம்பவம்

பொத்துவிலில் எமக்குத் தெரிந்த ஒருவர் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறார். கடலலைச் சறுக்கு விளையாட்டுக்கு வந்த ஒரு தம்பதி ஒரு வாரம் தங்கினார்கள். வாரத்தின் நடுவில் அவர்களது துவாய்களை எடுத்துத் துவைத்தபோது, கழுத்துப் பக்கம் துடைத்த இடமெல்லாம் செம்மஞ்சள் நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை. பிளீச் போட்டுப் பார்த்தார்கள். கறை போகவில்லை, இன்னும் கடுமையாகியது. தம்பதி புறப்படும் நாளில் இரண்டு துவாய்களுக்கும் சேர்த்து 5,000 ரூபா கேட்டார். அவர்கள் வாதாடவில்லை, கொடுத்து விட்டுப் போனார்கள். ஆனால் இணையத்தில் எழுதிய விமர்சனத்தில், தாம் செய்யாத ஒன்றுக்குத் தண்டம் கட்டியதாகக் குறிப்பிட்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் வேறு நாட்டைச் சேர்ந்த இருவர் வந்தார்கள். அவர்களது துவாயிலும் அதே செம்மஞ்சள் கறை. அதற்கு அடுத்து வந்தவர்களுக்கும் அப்படியே. அப்போதுதான் அவர் ஒரு விடயத்தை அவதானித்தார். துவாயை அறையிலிருந்து எடுக்கும்போது கறை இல்லை. துவைத்த பிறகே அது வருகிறது. "மச்சான், ஆள் மாறுது, கறை மாறல்லயே. அப்ப பிழை நம்மட பக்கம்தானோ?" என்று அவர் கேட்டபோது, வெள்ளை வாளியொன்றில் அவரது குழாய்க்கிணற்று நீரை நிரப்பி ஓர் இரவு வைத்துப் பார்க்கச் சொன்னோம். காலையில் வாளியின் அடியில் செங்கபில நிறத்தில் மண்டி படிந்திருந்தது. நீரில் இரும்பு.

காரணம் இதுதான். வெயில் காப்புக் கிறீம்கள் பலவற்றில் அவோபென்சோன் என்ற பொருள் சேர்க்கப்படுகிறது. ஐரோப்பிய தயாரிப்புகளின் உறையில் இது பியூட்டைல் மெதொக்சிடைபென்சொயில்மீதேன் என்ற நீண்ட பெயரில் இருக்கும். துணியில் படிந்துள்ள இப்பொருள் நீரிலுள்ள இரும்புடன் சேரும்போது துரு நிறக் கறையாக மாறுகிறது. குளோரீன் பிளீச் அதைப் போக்குவதில்லை, மேலும் பதிய வைக்கிறது. கிறீம் விருந்தினருடையது, இரும்பு எமது கிணற்றுடையது, பிளீச் எமது கையால் ஊற்றியது. இதில் முழுக் குற்றத்தையும் விருந்தினர் தலையில் போட்டு 5,000 ரூபா வாங்கியது நியாயமா? இந்தக் கேள்வியிலிருந்துதான் எமது பாடம் ஆரம்பமாகிறது.

முதலாவது படி: கறை யாருடையது?

ஒரு கறையைக் கண்டவுடன் விருந்தினரைக் குறை கூறுவது இலகு. எனினும் சற்று நிதானித்துப் பார்த்தால் கறைகள் மூன்று வகைப்படும்.

1. விருந்தினரால் வருவன: முகப்பூச்சு, மஸ்காரா, வெயில் காப்புக் கிறீம், முடிக்குப் பூசிய சாயம், உடம்பில் தேய்த்த எண்ணெய், இரத்தம், தேநீர், கறி, சறுக்குப் பலகையில் பூசும் மெழுகு, கடற்கரை மண்.

2. நீரால் வருவன: இரும்பு கலந்த நீரில் தொடர்ந்து துவைப்பதால் வெள்ளைத் துணி முழுவதும் மங்கிப் பழுப்பேறுவது, மேற்சொன்ன செம்மஞ்சள் திட்டுகள்.

3. எமது கவனக்குறைவால் வருவன: துருப்பிடித்த கம்பிக் கொடியில் காயப்போட்டதால் வரும் கோடு, கட்டிலில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியின் துரு, ஈரத் துவாய்களைக் குவித்து வைத்ததால் வரும் கரும் பூஞ்சணப் புள்ளிகள், நிறத் துணியுடன் சேர்த்துத் துவைத்ததால் ஏறிய சாயம்.

ஒரு மாதத்துக்கு ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். எந்தத் துணி, எந்த இடத்தில், என்ன நிறம், எடுக்கும்போதே இருந்ததா, துவைத்த பிறகு வந்ததா என்ற நான்கு விபரங்கள் போதும். இரண்டாம், மூன்றாம் வகைகள் எதிர்பார்த்ததை விட அதிகமாக இருப்பதைப் பலரும் கண்டு கொள்வார்கள். அவற்றை நிறுத்துவதற்கு விருந்தினரிடம் எதுவும் சொல்லத் தேவையில்லை. கம்பிக்குப் பதிலாக நைலோன் கயிறு கட்டலாம். துவாயைக் குவிக்காமல் உடனே விரித்துப் போடலாம். கிணற்று நீரில் இரும்பு இருந்தால், உயரத்திலிருந்து நீரைத் தூவலாக விழ வைத்துக் காற்றுப் படச் செய்து, ஒரு தொட்டியில் அடைய விட்டு, மணல் வடியினூடாக எடுக்கலாம். காற்றுப் பட்ட இரும்பு மண்டியாகப் பிரிந்து அடியில் தங்கும். இது முடியாவிட்டால் வெள்ளைத் துணிகளை மாத்திரமாவது குழாய் நீர் விநியோகத்திலோ, சேகரித்த மழை நீரிலோ துவைக்க வேண்டும்.

இரண்டாவது படி: தண்டம் கறையை நிலைக்கச் செய்யும்

சில அறைகளில் கதவுக்குப் பின்னால் ஒரு அறிவித்தல் தொங்கும். "துவாயில் கறை படிந்தால் 3,000 ரூபா அறவிடப்படும்." எழுதியவருக்கு இது பாதுகாப்பாகத் தோன்றும். உண்மையில் நடப்பது வேறு.

பெரும்பாலான கறைகள் பட்ட ஓரிரு மணித்தியாலத்துக்குள் கழுவினால் போய்விடும். இரத்தம் உலர்ந்தால் பிடிக்கும். எண்ணெய் ஊறினால் பிடிக்கும். தேநீரும் இளநீரும் காற்றுப் பட்டுக் காய்ந்தால் கபிலமாகும். ஆகவே எமக்குத் தேவைப்படுவது, கறை பட்டவுடன் விருந்தினர் வந்து சொல்வதுதான். தண்டத்துக்குப் பயந்தவர் சொல்வாரா? துவாயைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் போடுவார். குளியலறைச் சவர்க்காரத்தாலும் சுடுநீராலும் தானே தேய்த்துப் பார்ப்பார். சுடுநீர் பட்ட இரத்தக் கறை துணியோடு ஒட்டிவிடும். மூன்று நாட்களின் பின் அவர் போன பிறகு நாம் கண்டெடுக்கும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். பயமுறுத்தல் கறையைத் தடுக்கவில்லை, அதை மறைக்கச் செய்திருக்கிறது. மறைத்த கறைதான் நிலைக்கும் கறை.

எனவே அறிவித்தலைத் தலைகீழாக மாற்றி எழுத வேண்டும். "கறை பட்டு விட்டதா? பரவாயில்லை, உடனே எங்களிடம் தாருங்கள். கட்டணம் இல்லை." இந்த ஒரு வரி பல துவாய்களைக் காப்பாற்றும்.

மூன்றாவது படி: கறை படாமல் ஒழுங்கு செய்தல்

விருந்தினர் வேண்டுமென்றே வெள்ளைத் துவாயில் மஸ்காராவைத் துடைப்பதில்லை. முகம் கழுவியதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது அந்தத் துவாய் ஒன்றுதான். சப்பாத்து துடைக்க வேறு துணி இல்லாததால் கைத்துவாயை எடுக்கிறார். ஆகவே ஒவ்வொரு கறை வேலைக்கும் உரிய ஒரு துணியை, உரிய இடத்தில் முன்கூட்டியே வைத்து விடுவதே தடுப்பு முறையின் சாரம்.

முகத்துக்கு: கழுவும் பேசினுக்கு அருகில் சிறிய கறுப்புத் துண்டுகள் இரண்டு. முகப்பூச்சு நீக்குவதற்கெனக் கறுப்புத் துண்டு வைப்பது பல நாடுகளில் ஹோட்டல்கள் கையாளும் வழக்கம். துண்டில் அதன் பயனை நூலால் தைத்து விட்டால் எவருக்கும் விளங்கும். அருகே ஒரு டிஷு பெட்டியும் இருக்கட்டும்.

கடலுக்கு: கரும் நீலம் அல்லது கரும் சாம்பல் நிறத்தில் தனித் துவாய்கள். இவை அறைக்குள் அல்ல, வெளிவிறாந்தையில் கொழுவியில் தொங்க வேண்டும். கடலுக்குப் போகிறவர் வெள்ளைத் துவாயைத் தேடி உள்ளே போகமாட்டார். கிறீம் கறையும் மண்ணும் கரும் நிறத்தில் விழுந்து போகும்.

வாசலில்: ஒரு கால் கழுவும் குழாய், முடிந்தால் வெளி ஷவர், அருகில் தடித்த கால் மிதி. கடற்கரை ஊர்களில் விரிப்பைக் கெடுப்பதில் பெரும் பங்கு மண்ணுக்கு உண்டு. மண் நிறத்தைக் கெடுப்பதுடன் நூலையும் அரிக்கும்.

சாப்பிட: அறைக்குள்ளோ விறாந்தையிலோ ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் வையுங்கள். மேசை இல்லாத அறையில் கொத்து ரொட்டிப் பார்சல் கட்டிலில்தான் பிரிக்கப்படும். கறிக் கறையைக் குறைக்க விரிப்பை மாற்றுவதை விட மேசை வாங்குவது மலிவு.

பயணப் பைக்கு: பேருந்திலும் புகையிரதத்திலும் தரையில் உருண்டு வந்த பையை விருந்தினர் முதலில் வைப்பது கட்டிலில். ஒரு தாழ்ந்த வாங்கு இருந்தால் அங்கே வைப்பார். கட்டிலின் கால்மாட்டில் குறுக்காக ஒரு கரும் நிறத் துணியும் விரித்து விடலாம்.

சறுக்குப் பலகைக்கும் சப்பாத்துக்கும்: பழைய துவாய்களை வெட்டி ஓரம் தைத்து ஒரு கூடையில் விறாந்தையில் வையுங்கள். கறை போகாமல் ஒதுக்கிய துவாய்க்கு இது நல்ல பயன்.

பெண்களின் தேவைக்கு: குளியலறையில் மூடியுள்ள சிறு குப்பைக் கூடையும், சில காகிதப் பைகளும், கேட்காமலே எடுக்கக் கூடிய இடத்தில் ஒரு கரும் நிறத் துவாயும் இருக்க வேண்டும். எவரும் வாய் திறந்து கேட்கச் சங்கடப்படும் விடயம் இது. வீட்டுப் பெண்களே இந்த ஒழுங்கைப் பார்த்துக் கொள்வது நன்று.

மருதோன்றிக்கும் முடிச் சாயத்துக்கும்: திருமணத்துக்கு வரும் உள்ளூர்க் குடும்பங்கள் தங்கும்போது முதல் நாள் இரவு மருதோன்றி இடுவது வழமை. ஈர மருதோன்றி தலையணை உறையில் பட்டால் பெரும்பாலும் போகாது. திருமணத்துக்கு வருவோர் எனத் தெரிந்தவுடன் இரண்டு பழைய தலையணை உறைகளையும் ஒரு பழைய விரிப்பையும் கொடுத்து, "ராத்தா, மருதோன்றி போட்டா இதப் பாவிங்க" என்று சொல்லி விட்டால் யாரும் மனம் நோக மாட்டார்கள்.

மெத்தைக்கு: விரிப்புப் பழுதானால் விரிப்பு மட்டும்தான். கறை மெத்தைக்கு இறங்கினால் நட்டம் பல மடங்கு. ஒவ்வொரு மெத்தைக்கும் நீர் புகாத உறை ஒன்றும், தலையணைக்கு உள் உறை ஒன்றும் முதல் நாளே போட வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

வெள்ளையா, நிறமா?

அப்படியானால் எல்லாவற்றையும் கரும் நிறத்தில் வாங்கி விடலாமே என்று தோன்றும். அதிலும் சிக்கல் உண்டு. 1999இல் வெஸ்டின் ஹோட்டல் குழுமம் முழு வெள்ளைக் கட்டிலை அறிமுகப்படுத்திய பின் வெள்ளை விரிப்பு சுத்தத்தின் அடையாளமாகவே விருந்தினர் மனதில் பதிந்து விட்டது. தவிரவும் வெள்ளையை ஒன்றாகச் சேர்த்து சூடான நீரில் துவைக்கலாம், வெளுக்கலாம், ஒன்று பழுதானால் அதே மாதிரி இன்னொன்று வாங்கிச் சேர்க்கலாம். நிறத் துணி அப்படியல்ல. முகப்பருவுக்குப் பூசும் சில கிறீம்களிலுள்ள பென்சொயில் பேரொட்சைட்டு கரும் துணியையும் வெளிறச் செய்துவிடும்.

ஆகவே கட்டிலுக்கும் குளித்த பின் துடைக்கும் பெரிய துவாய்க்கும் வெள்ளை, முகத்துக்கும் கடலுக்கும் காலுக்கும் கரும் நிறம் என்று பிரிப்பதே நடைமுறைக்கு ஏற்றது. கொள்வனவு செய்யும்போது ஒரே கடையில் ஒரே வகையில் வாங்குங்கள். மிகத் தடித்த துவாய் கையில் வாங்கும்போது அழகு. கரையோர ஈரக் காற்றில் அது காய நேரமெடுக்கும், பூஞ்சணம் பிடிக்கும். நடுத்தரத் தடிப்பே போதும். பொலியெஸ்டர் அதிகம் கலந்த விரிப்பு சுருங்காது, ஆனால் எண்ணெய்க் கறையை விடாமல் பிடித்துக் கொள்ளும்.

ஒவ்வொரு அறைக்கும் மூன்று தொகுதி தேவை. ஒன்று அறையில், ஒன்று துவைப்பில், ஒன்று அலுமாரியில். இரண்டு தொகுதி மட்டும் வைத்திருப்பவர், அடுத்த விருந்தினர் வந்து விடுவார் என்ற அவசரத்தில் கறையைச் சரியாகப் பார்க்காமல் துவைத்துச் ஸ்திரிக்கை போட்டு விடுவார். சூடு பட்ட கறை நிரந்தரமாகிவிடும்.

நான்காவது படி: கறை பட்ட பின் முதலுதவி

அறையிலிருந்து எடுக்கும் துணியைச் சுருட்டாமல், பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, கறையுள்ளதைத் தனி வாளியில் போட வேண்டும். பின்னர்:

இரத்தம்: குளிர்ந்த நீர் மட்டும். ஊற வைத்து, சவர்க்காரம் போட்டுக் கசக்குங்கள். வெள்ளைத் துணியாயின் மருந்துக் கடையில் கிடைக்கும் 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டைச் சில துளி விடலாம்.

மஸ்காரா, முகப்பூச்சு, எண்ணெய்: நீர் படுவதற்கு முன்னர் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கறையில் தேய்த்து 15 நிமிடம் விட்டு, பிறகு துணி தாங்கும் சூட்டிலான நீரில் துவைக்கவும்.

வெயில் காப்புக் கிறீம்: கறை தெரிகிறதோ இல்லையோ, கடலுக்குப் போன துவாயின் மேற்பகுதியில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து விட்டுத் துவைப்பது நல்ல பழக்கம். செம்மஞ்சள் நிறம் வந்து விட்டால் பிளீச்சைத் தொட வேண்டாம். தேசிக்காய்ச் சாற்றையோ சித்திரிக் அமிலக் கரைசலையோ இட்டு ஊற வைத்து நன்கு அலசவும். துருக் கறைக்கும் இதுவே.

மஞ்சள், கறி: சவர்க்காரம் பட்டவுடன் மஞ்சள் கறை சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம். துவைத்து ஈரத்தோடு கடும் வெயிலில் காயப்போடுங்கள். மஞ்சளின் நிறத்தைச் சூரிய ஒளி சிதைக்கும். ஓரிரு வெயிலில் மறையும்.

தேநீர், கோப்பி, இளநீர்: காய்வதற்கு முன் நீரில் அலசவும். மிஞ்சியதற்கு ஒட்சிசன் பிளீச் எனப்படும் சோடியம் பேர்காபனேற்றுத் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற வைக்கலாம்.

பலகை மெழுகு: ஐஸ் கட்டி வைத்து இறுக்கி, மழுங்கிய கத்தியால் சுரண்டவும். மீதியைத் தாளுக்கு நடுவே வைத்து இளஞ்சூட்டில் ஸ்திரிக்கையால் அழுத்தினால் தாள் மெழுகை உறிஞ்சும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம்.

பூஞ்சணம்: ஒட்சிசன் பிளீச்சில் ஊற வைத்து வெயிலில் முழுதாகக் காய வைக்கவும். ஆழப் பதிந்திருந்தால் துணியை ஒதுக்கி விடுவதே மேல்.

எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று: கறை முழுதாகப் போகும் வரை ஸ்திரிக்கையோ, உலர்த்தி இயந்திரத்தின் சூடோ படக் கூடாது.

துவைப்பவரின் பாதுகாப்பு

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. குளோரீன் பிளீச்சுடன் தேசிக்காய், வினாகிரி, துரு நீக்கி, அமிலம் கலந்த மலசலகூடச் சுத்திகரிப்புத் திரவம் எதையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு வெளிவரும். அமோனியா கலந்த திரவங்களுடனும் சேர்க்கக் கூடாது. ஒரு முறைக்குச் சரிவராமல் மறு முறையை முயற்சிப்பதாயின் இடையில் துணியை நன்கு அலச வேண்டும். கதவடைத்த குளியலறையில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. துவைக்க வரும் பெண்ணுக்கு இறப்பர் கையுறை வாங்கிக் கொடுப்பதும், எந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதி ஒட்டி வைப்பதும் உரிமையாளரின் கடமை.

இன்னொன்று. பழுதான துவாய்க்காக அவரது கூலியில் கழிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. கூலி கழிக்கப்படும் என்று தெரிந்தால் அவரும் விருந்தினரைப் போலவே கறையை மறைப்பார். கறையைக் கண்டு சொல்பவருக்கு நன்றி சொல்லும் வீட்டில்தான் துணி நீடிக்கும்.

ஐந்தாவது படி: கணக்கு

உதாரணத்துக்காகச் சில எண்களை எடுப்போம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மீண்டும் செய்து பாருங்கள்.

மூன்று அறைகள், அறைக்கு இருவர், மூன்று தொகுதி: 3 x 2 x 3 = 18 பெரிய துவாய்கள். ஒன்று 2,500 ரூபா என வைத்தால் முதலீடு 45,000 ரூபா. அறுகம்பையில் மே முதல் ஒக்டோபர் வரையான பருவத்தில் அறைக்கு 120 இரவுகள் ஆள் இருந்தால் மொத்தம் 360 அறை இரவுகள். சராசரியாக மூன்று இரவு தங்கினால் 120 வருகைகள். பத்து வருகைக்கு ஒரு துவாய் பழுதானால் 12 துவாய்கள், அதாவது 30,000 ரூபா நட்டம்.

இப்போது தடுப்புக்குச் செலவு செய்வோம். 300 ரூபா வீதம் 12 கறுப்புத் துண்டுகள் 3,600 ரூபா. 1,800 ரூபா வீதம் 12 கடற்கரைத் துவாய்கள் 21,600 ரூபா. கூட்டுத்தொகை 25,200 ரூபா. பழுதாகும் வெள்ளைத் துவாய் மூன்றாகக் குறைந்தால் அந்த நட்டம் 7,500 ரூபா. முதற் பருவத்தில் மொத்தச் செலவு 32,700 ரூபா. அதாவது முதல் வருடம் மிச்சம் எதுவும் இல்லை, 2,700 ரூபா கூடுதலாகவே செலவாகிறது. இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டாம் பருவத்தில் கரும் துணிகளில் சிலவற்றை மாற்ற 5,000 ரூபா ஒதுக்கினாலும் மொத்தம் 12,500 ரூபாதான். 30,000 உடன் ஒப்பிட்டால் 17,500 ரூபா மிச்சம்.

இன்னொரு வகையிலும் பார்க்கலாம். எந்தத் தடுப்பும் செய்யாவிட்டாலும் 30,000 ரூபாவை 360 இரவுகளால் பிரித்தால் ஓர் அறை இரவுக்கு 83 ரூபா சொச்சம். வாடகையில் இரவுக்கு 100 ரூபாவை "துணி நிதி" என்று தனிப் பெட்டியில் போட்டு வந்தால் பருவ முடிவில் 36,000 ரூபா சேர்ந்திருக்கும். துணி பழுதாவது இத்தொழிலின் சாதாரணத் தேய்மானம். மின்குமிழ் எரிந்து போவதற்கு விருந்தினரிடம் காசு கேட்பதில்லையே. அது போலத்தான் இதுவும்.

எப்போது அறவிடலாம்?

எந்த நிலையிலும் கேட்கக் கூடாது என்பதல்ல. சிகரெட்டால் சுட்ட விரிப்பு, வெட்டிய துவாய், காணாமல் போன துவாய், எழுத்து மூலம் வேண்டாம் என்று சொல்லியும் விரிப்பின் மேல் செய்த முடிச் சாய வேலை ஆகியவற்றுக்குக் கேட்கலாம். ஆனால் நான்கு நிபந்தனைகள் இருக்க வேண்டும்.

முதலாவது, வந்த அன்றே விதி தெரியப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, அவர் வருமுன் துணி நல்ல நிலையில் இருந்ததற்குச் சான்று வேண்டும். கட்டில் விரித்தவுடன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் போதும். மூன்றாவது, கழுவிப் பார்த்த பின்னரே பழுது என்று முடிவு செய்ய வேண்டும். நான்காவது, புதிய விலையைக் கேட்கக் கூடாது. 2,500 ரூபா துவாய் மூன்று பருவம் உழைக்கும் என்றால், இரண்டு பருவம் உழைத்த துவாயின் மீதிப் பெறுமதி 833 ரூபா. ஏற்கெனவே இரண்டு பருவம் உழைத்துத் தந்த துவாய்க்குப் புதிய விலை வாங்கினால் அது ஈடு அல்ல, இலாபம்.

எயார்பிஎன்பி போன்ற இணைய நிறுவனங்கள் மூலம் வரும் விருந்தினராயின் அந்நிறுவனத்தின் ஒழுங்குப்படியே கேட்க வேண்டும். எயார்பிஎன்பியில் விருந்தினர் வெளியேறி 14 நாட்களுக்குள் சான்றுகளுடன் கோரிக்கை அனுப்ப வேண்டும். சாதாரணத் தேய்மானத்துக்கு அங்கு ஈடு கிடையாது. மேலே சொன்ன படமும் பற்றுச்சீட்டும் இல்லாதவர் அங்கு போய்ப் பயனில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. வெள்ளை வாளியில் கிணற்று நீரை ஓர் இரவு வைத்துப் பாருங்கள்.
2. துணி காயும் கொடி, கட்டில் ஆணி, குளியலறைக் கொழுவி ஆகியவற்றில் துரு உள்ளதா எனத் தடவிப் பாருங்கள்.
3. உங்கள் அறைக்குள் ஒரு விருந்தினராகச் சென்று, முகம் கழுவி, கால் கழுவி, தேநீர் குடித்துப் பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் கை தானாக வெள்ளைத் துவாயை நாடுகிறதோ, அங்கே ஒரு கரும் துண்டு தேவை.
4. தண்ட அறிவித்தல் இருந்தால் கழற்றி விட்டு, புதியதை நான்கு வரியில் எழுதுங்கள்: "கறுப்பு முகத்துக்கு. நீலம் கடலுக்கு. வெள்ளை குளித்த பின். கறை பட்டால் உடனே சொல்லுங்கள், கட்டணம் இல்லை." விருந்தினரின் மொழிகளில் எழுதி, பக்கத்தில் சிறு படமும் வரைந்து விடுங்கள்.
5. கறைக் கொப்பியையும் துணி நிதியையும் இன்றே ஆரம்பியுங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன பொத்துவில் அன்பர் இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்து விட்டார். குழாய்க்கிணற்று நீருக்கு மணல் வடி கட்டியுள்ளார். விறாந்தையில் நீலத் துவாய்கள் தொங்குகின்றன. அதற்கு முன் அவர் செய்தது இன்னொன்று. அந்தத் தம்பதிக்கு நடந்ததை விளக்கி எழுதி, 5,000 ரூபாவையும் திருப்பி அனுப்பினார். "நம்மட தண்ணி செஞ்ச பிழைக்கு எடுத்த காசு மச்சான், அத வெச்சிருக்க மனசு வரல்ல" என்றார். அவர்கள் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார்கள். அவர்கள் முன்னர் எழுதிய விமர்சனம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. தண்டம் கேட்க முன் ஓர் இரவு வாளியை வைத்துப் பார்த்திருந்தால் அதுவும் எழுதப்பட்டிருக்காது.